கண்ணாடிக்கு வைத்த பொட்டு

அன்று பங்களா புல்வெளியில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். தோட்டத்துத் துரை, துரையின் நாய், என் அக்கா புருஷன் சதாசிவம், நான். நாயைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்று யாரையும் குறை சொல்லாதது அது ஒன்றுதான்.

மச்சான் அப்போது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது சின்னக் குமாஸ்தா. பெரிய கிராணி வருஷக் கடைசியில் ஊருக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தார். அந்த நாற்காலி மச்சானுக்கா, வேறு தோட்டத்து ஆளுக்கா? துரை வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு தொலைநோக்கி வந்து இறங்கியது. நட்சத்திரங்களைப் போட்டோ பிடிக்கப் போகிறாராம்!

“என் மச்சினன் ஈப்போல கடிகாரக் கடை வெச்சிருக்கான் தொரே. திருகாணின்னா அவனுக்கு உசிரு” என்று மச்சான் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் யார் என்று இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ரயில் தஞ்சோங் ரம்புத்தான் தாண்டுவதற்குள் சட்டைப்பையில் டிக்கெட்டை ஏழு முறை தொட்டுப் பார்க்கிறவன். என்னை நம்பி ஒரு மனிதன் தன் நாற்காலியை அடகு வைத்தால்... எனக்குத் தூக்கம் வருமா?

தொலைநோக்கி என்றால் நீளக் குழாய் என்று நினைத்திருந்தேன். இது இரண்டு முழம்தான். ஆனால் வாய் எட்டு அங்குலம்! அடியில் வெள்ளி பூசிய குழிக்கண்ணாடி, மேலே சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். குட்டைக் குழாயில் படம் சீக்கிரம் பதியும். ஆனால் நீளக் குழாய் பொறுத்துக்கொள்கிற பிழையை இது பொறுக்காது. நானும் குட்டைதான் — புரிந்துகொண்டேன்.

தொலைநோக்கிப் பெட்டி வந்த சமயம் ஆயுத பூஜை. அக்கா வீட்டுக்குப் போயிருந்த என்னிடம் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் தராசு, ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி, வாளி, டைப்ரைட்டர், சுவர்க் கடிகாரம் — ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன். மேஜைமேல் திறந்த பெட்டியில் துரையின் தொலைநோக்கிக் கண்ணாடி. இதை மட்டும் விடலாமா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? விரல் படாமல், தீக்குச்சி முனையால், நட்டநடுவில் ஒரு பொட்டு. நடு என்றால்... கண்ணளவில் நடு.

பௌர்ணமி கழிந்து, நிலா தாமதமாக எழும் ஒரு நாளில் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். இங்கிலீஷ் குறிப்புப் புத்தகத்தை மச்சான் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பெரிய கண்ணாடிக்கு மத்தியில சின்னதா ஒரு புள்ளி வெக்கணுமாம். அத வெச்சுத்தான் எல்லாத்தையும் நேராக்கணுமாம்.”

“அதான் பூஜையன்னிக்கே வெச்சாச்சே மச்சான்!”

“அட! வெள்ளக்காரனுக்கும் இது தெரிஞ்சிருக்கு பாரு லா!”

இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

கண் வைக்கும் துளையில், நடுவே ஓட்டை போட்ட சிகரெட் டின் மூடியைப் பொருத்தினேன். உள்ளே வட்டம், வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் பொட்டு, என் கண்ணே என்னை முறைத்தது. மச்சான் குழாயின் பின்னால் குந்தியபடி மூன்று திருகாணிகளைத் திருக வேண்டும்.

“கொஞ்சம் இடது பக்கம் மச்சான்.”

“எனக்கு இடதா, ஒனக்கு இடதா?”

“பொட்டுக்கு இடது!”

“பொட்டு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் மாப்ளே? இங்க கொசுதான் தெரியுது.”

ஒரு மணி நேரத்தில் எல்லா வட்டங்களும் பொட்டைச் சுற்றி அழகாக உட்கார்ந்தன. இங்கிலாந்தில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிற தாங்கி, அந்த நட்சத்திரம் அடிவானத்தில் கிடக்கும் நம் ஊரில் கிட்டத்தட்டப் படுக்க வேண்டுமாம். கட்டை கொடுத்துப் படுக்க வைத்தோம். கிழக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஏறியது. துரை பத்து நிமிஷம் போட்டோ பிளேட்டில் படம் பிடித்து, குளியலறைக்குள் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தோம். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேருக்கும் வால்! எல்லா வாலும் ஒரே பக்கம்! குளத்துத் தவளைக் குஞ்சுகள் மாதிரி!

துரை தமிழ் கற்றது காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில். அதில் மரியாதை என்ற பாடமே கிடையாது. என்னை விட்டுவிட்டு மச்சானைப் பிடித்தார். “இந்த ஆளை நீ கூட்டிட்டு வந்தே. ஆள் பாக்கத் தெரியாது. பெரிய கிராணி வேலை கேக்குறே? நாளைக்கு இதைப் பெட்டில போட்டுக் கட்டு. சிங்கப்பூர் அனுப்பு, அங்கே சரி பண்ணுவான்.”

வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் லாந்தரை என் காலடிக்கே பிடித்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

காலையில் பெட்டி கட்டக் கண்ணாடியைக் கழற்றினேன். அதன்மேல் போடும் வட்டக் காகிதம் அச்சாகக் கண்ணாடியின் அளவே இருந்தது. காகிதத்தை நாலாக மடித்தேன். முனையில் ஊசியால் குத்தினேன். விரித்துக் கண்ணாடிமேல் வைத்தேன். ஊசித் துளை ஒரு பக்கம், என் பொட்டு ஒரு பக்கம். நடுவே ஒரு நெல் நீளம்!

கவனித்திருக்கிறீர்களா? ஒன்று கோணலாகிவிட்டால் திருகாணியை, கட்டையை, பனியை, பின்னால் குந்தியிருந்த மச்சானை — எல்லாவற்றையும் சந்தேகிப்போம். பக்தியோடு நாமே வைத்த புள்ளியை மட்டும் சந்தேகிக்க மாட்டோம்.

“கம்பெனிக்காரன் வெச்ச புள்ளின்னு சொல்லிருவோம் மாப்ளே” என்றார் மச்சான்.

“இங்கிலீஷ்காரன் கோணலா வெச்சான்னா துரை நம்புவாரா?”

“மாட்டாரு.”

“நான் வெச்சேன்னா?”

மச்சான் யோசிக்கவே இல்லை. “ஒடனே நம்புவாரு.”

துரையிடம் போய், பொட்டு என்னுடையது, மச்சானுக்கு இதில் சம்பந்தமில்லை என்றேன். துரை உடனே நம்பினார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் நம்பி மச்சான் பார்த்ததில்லையாம்.

“இன்னைக்கு ராத்திரி திருப்பிப் பாரு” என்றார்.

பழைய பொட்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். ஊசித் துளை வழியே புதுப் பொட்டு. மறுபடி வட்டம், மறுபடி கொசு. ஒன்பது மணிக்குப் படம். இந்த முறை ஆறு பேரும் வால் இல்லாமல், ஊசி முனை மாதிரி நின்றார்கள். துரை பிளேட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். அவர் திட்டாமல் போனால் அதுதான் மெடல் என்றார் மச்சான்.

போன திங்கட்கிழமை மச்சான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய கிராணியாக அவர் எழுதிய முதல் சீட்டு எனக்குத்தான் வந்தது:

“ஆபீஸ் கடிகாரத்துக்கு நீ வைத்த பொட்டு சரியாக ஆறு மணியை மறைக்கிறது. பெரட்டுக்கு மணி பார்க்க முடியவில்லை. உடனே வந்து துடைக்கவும்.”