தலைகீழாக வரைந்த தெரு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள் நான். ஒரு மில்லி கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் பட்டுவிடும். கற்பனைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

போன வருடம் ஆயில் பெயின்டிங் வகுப்பில் சேர்ந்தேன். மாஸ்டர் ஒரு பழைய ஓவியத்தின் அச்சுப் பிரதியைக் கொடுத்து, அதை அப்படியே வரையச் சொன்னார். மழை விட்ட சாயங்காலம், அகலமான தெரு, குதிரை வண்டிகள், மாடி வீடுகள். எல்லாமே சின்னச் சின்னத் தீற்றல்கள். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களுக்கு அடுத்து வந்தவர்களின் பாணி என்றார்.

“அச்சு, கேன்வாஸ் ரெண்டையும் தலைகீழா வச்சுக்கோங்க. கட்டம் போடுங்க. ஒரு கட்டத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தப் பேப்பரால மூடிடுங்க. வீடா, வண்டியான்னு யோசிக்காதீங்க. கலர மட்டும் பாருங்க.”

இருபத்து மூன்று நாள் அப்படியே செய்தேன். நாலாவது மாடி வாடகை வீட்டில், கூடத்து மூலையில் ஓவிய ஸ்டாண்டு. கணவருக்கு மாலை ஷிஃப்ட். ஐந்து வயது மகள் பக்கத்து அறையில் விளையாடுவாள். சிட்டு என்று கூப்பிடுவோம். பெயின்டை இளக்கும் டர்பென்டைனை நான் எப்போதும் அதிகமாகக் கலந்துவிடுவேன், பெயின்ட் ஒழுகும். கத்துக்குட்டி வேலைதானே.

அன்று வியாழக்கிழமை. மாலை 6.40. கடைசிக் கட்டம் முடிந்தது. காகிதங்களை எடுத்துவிட்டு, படத்தை முதல்முறையாக நேராகத் திருப்பினேன். ஒழுகல்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து ஓடியிருந்தன. தலைகீழாக வரைந்தால் அப்படித்தான். எனக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.

வலது பக்கக் கட்டடம், நாலாவது மாடி. அச்சில் வெறும் சுவர். என் படத்தில் ஒரு பால்கனி... வட்ட வட்டமான கம்பிகள். எங்கள் வீட்டுக் கம்பிகள். கம்பிக்கு வெளியே பாதி சாய்ந்தபடி ஒரு சின்ன உருவம். சிவப்பு கவுன்.

அந்தச் சிவப்பு என்னிடம் இல்லவே இல்லை.

தொட்டேன். ஈரம். அதுகூடப் பரவாயில்லை, ஆயில் பெயின்ட் காய நாளாகும். ஆனால் அந்தச் சிவப்பு மட்டும் கீழ்நோக்கி ஒழுகியிருந்தது... படம் நேராக நிற்கும்போது யாரோ வரைந்திருக்கிறார்கள்.

நான் அதைத் திருப்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

6.43...

டக்.

பால்கனித் தாழ்ப்பாள். நான் போட்டது. சிட்டுவுக்கு எட்டாது.

ஓடினேன்.

கதவு திறந்து கிடந்தது. சிட்டு முக்காலி மேல். ஒரு கால் கம்பி மேல்...

அள்ளிக்கொண்டேன்.

“எதுக்குடி அங்க ஏறின?”

“அந்த அக்கா கூப்பிட்டாம்மா.”

“எந்த அக்கா?”

“செவப்பு கவுன். அவளும் இந்த வீடுதானாம். என் ரூம்தான் அவ ரூமாம்.”

பால்கனியில் யாரும் இல்லை.

“டர்பென்டைன் வாசன தலைக்கேறிடுச்சு உனக்கு” என்றார் கணவர். ஆனாலும் என் பிடிவாதத்தால் பத்தே நாளில் வீட்டைக் காலி செய்தோம். சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், முன்பு இங்கிருந்து ஏதாவது குழந்தை விழுந்ததா என்று.

“அபசகுனமாப் பேசாதீங்கம்மா. கட்டி பன்னெண்டு வருஷமாச்சு. ஒருத்தர் கால்கூடச் சுளுக்கல.”

அப்பாடா என்றிருந்தது. அடுத்து குடிவர இருந்தவர்கள் அப்போது உள்ளே அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பைத்தியம் என்று நினைப்பார்களே என்ற வெட்கம்.

ஐந்து மாதம் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து போன். புதிதாக வந்தவர்களின் மகள், ஏழு வயது, முந்தின நாள் சாயங்காலம் பால்கனியிலிருந்து விழுந்துவிட்டாளாம். பிழைக்கவில்லை.

என்ன உடை போட்டிருந்தாள் என்று கேட்டேன்.

“செவப்பு கவுன்மா...” என்றார். பிறகு கேட்டார்:

“அன்னிக்குக் கேட்டீங்களே... உங்களுக்கு எப்படிம்மா முன்னாடியே தெரியும்?”