சடையன் தின்ற மிச்சம்

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் ஓர் ஏலத்தோட்டத்தில் செபமாலையம்மாளுக்கு முப்பத்தோரு வருஷமாகக் காயெடுப்பு வேலை. கல்யாணமாகி உத்தமபாளையத்திலிருந்து மலையேறியவள். புருஷன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் அஞ்சு திருப்பூரில் இருக்கிறாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாலும் அவளைத் தேடி ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். சடையனைப் பற்றி எது கேட்க வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள்.

தோட்டத்துக்கு மேலுள்ள சோலைக்காட்டில், உடம்பெல்லாம் சடைவிழுந்த ரோமத்தோடு, மனுசன்போல இரண்டு காலில் நடக்கும் ஒன்று இருப்பதாக அங்கே பேச்சு. அதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் பலர். செபமாலையம்மாள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"நான் அவனப் பாத்ததில்ல. தின்னு போட்டுட்டுப் போன மிச்சத்தத்தான் பாத்திருக்கேன்" என்பாள்.

அவளுக்கு வேலை பெரும்பாலும் சோலையை ஒட்டிய ஆறாம் நம்பர் காட்டில். அங்கே காட்டுவாழையை யாரோ நெடுக்காகக் கிழித்து உள்தண்டை மட்டும் உருவித் தின்றிருப்பதைக் கண்டிருக்கிறாள். யானை என்றால் சுற்றிலும் மிதிபட்டிருக்கும். அங்கே ஒரு செடிகூடச் சாய்ந்திருக்கவில்லை. ஓடையோரத்துத் தட்டைக் கல்லில் நண்டுகளை அடித்து உடைத்துத் தின்றுவிட்டு, ஓடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. தேனடையை மென்று சக்கையைத் துப்பியிருந்தது. வேட்டை என்று பார்த்தால் நண்டும் தவளையும் கூட்டிலிருந்து எடுத்த முட்டையும்தான். ரத்தம் சிந்திய இடம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

போன ஆடியில், லயத்தில் நாலு வீடு தள்ளியிருந்த ரோசியின் சினையாடு காணாமல் போனது. விடிந்ததும் பெண்கள் தேடிப் போனார்கள். ஆறாம் நம்பர் காட்டில் ஏலத்தூர்களுக்கு நடுவே பாதி ஆடு கிடந்தது. ரோசி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சடையன் ஆட்டக் கொன்னுட்டானே! நாளைக்குப் பிள்ளையத் தூக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

செபமாலையம்மாள் குனிந்து பார்த்தாள். கழுத்தில் நாலு பல் இறங்கியிருந்தது. குடலை இழுத்துத் தனியே போட்டுவிட்டுத் தொடைக்கறியைத் தின்றிருந்தது. மிச்சத்தின்மேல் சருகைத் தள்ளி மூடியிருந்தது.

"இது புலி, ரோசி. இன்னைக்குத் தின்ன வரும். யாரும் இங்க நிக்க வேண்டாம்."

புலி என்றால் யாருக்கும் சுவாரசியப்படவில்லை. மத்தியானத்துக்குள் சடையன் ஆட்டைக் கொன்றான் என்ற செய்தி குமுளி வரை போய், அங்கே கைப்பேசியில் படம் பிடித்து யூடியூபில் போடுகிற வினோ மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கினான்.

"அம்மா, சடையன் என்னென்ன வேட்டையாடுவான்? சும்மா பயப்படாமச் சொல்லுங்க."

"எனக்கென்னய்யா பயம்? நண்டு தின்பான், வாழத்தண்டு தின்பான். ஆடு அடிச்சது அவன் இல்ல. அது புலி."

வினோ அதையே மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அவள் அதையேதான் சொன்னாள். சாயங்காலம் வந்த படத்தில் "தின்பான்" என்று அவள் சொல்வதும், உடனே செத்த ஆடும் இருந்தன. புலி என்ற சொல்லே இல்லை.

அடுத்த நாள் ஒருத்தியும் ஆறாம் நம்பருக்குப் போகவில்லை. காய் முற்றிச் சரத்திலேயே வெடித்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் சங்கையா லய வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"ஒன் வாயால வந்தது இது, செபமால. நீயே சரி பண்ணு."

"நான் சொன்னத வெட்டிட்டான் அண்ணே."

"அது யாருக்குத் தெரியும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து வனத்துறை வாச்சர் ஜோமோன் வீட்டுக்குப் போனாள். பல் இறங்கியதையும் சருகு மூடியதையும் வரிசையாகச் சொன்னாள். வினோவின் படத்தைப் பார்த்திருந்த ஜோமோன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்.

"சேச்சி சொல்றது புலியாட்டம்தான் இருக்கு. கேமரா வச்சு நோக்கலாம்."

ஓடையோரம் இரண்டு மரத்தில் கேமரா கட்டினார்கள். ஐந்தாம் நாள் அதில் புலி விழுந்தது. இடது காது கிழிந்த ஒரு கிழட்டுச் சிறுத்தை; மலையில் சிறுத்தையையும் புலி என்றுதான் சொல்வார்கள். ஜோமோன் படத்தைக் கொண்டுவந்து லயத்தில் எல்லோருக்கும் காட்டினான். பிறகு கூண்டு வைத்தார்கள். பதினோராம் நாள் அது அகப்பட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுபோனபோது ரோசி மட்டும் அருகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எலும்பும் தோலுமா இருக்கு அக்கா. பாவம், அதுக்கும் பசிதான்."

திங்கட்கிழமை பெண்கள் பழையபடி ஆறாம் நம்பருக்கு ஏறினார்கள். வினோ அந்தப் படத்தை யூடியூபிலிருந்து நீக்கவில்லை. அஞ்சு திருப்பூரிலிருந்து கூப்பிட்டு, "போலீஸ்ல சொல்வோமா அம்மா?" என்று கேட்டாள். வேண்டாமென்றாள் செபமாலையம்மாள். அன்றைக்குத் தன்னிடம் கேட்டவனுக்குச் சரியாகத்தான் சொன்னோம் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அதன்பிறகு கைப்பேசியை நீட்டிய யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், ரோசி வாங்கியிருந்த புது ஆட்டுக்குக் கொட்டில் அடைக்க இருவருமாக உட்கார்ந்தார்கள். ரோசி பலகையைப் பிடித்துக்கொள்ள, செபமாலையம்மாள் ஆணி அடித்தாள். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"நீ நெசமாவே பாத்ததில்லையாக்கா?" என்றாள் ரோசி.

"இல்லட்டி. பலகைய நேராப் பிடி."

மழைக்கு முன்னால் மூன்று பக்கம் அடைத்து முடித்தார்கள்.