பெரியவர்களின் மருந்தும் என் மகளின் உயரமும்

என் மகளுக்கு ஏழு வயதில் வயிற்றுக்குள் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, ஊசி மருந்து எல்லாம் முடிந்து ஓராண்டுக்குள் அது திரும்பி வந்தபோது, பெங்களூரு மருத்துவமனையில் டாக்டரம்மா ஒரு மாத்திரையைப் பற்றிச் சொன்னார். பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோய்க்கு வந்த மாத்திரை. வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"இடம்தாம்மா வேற. செல்லுக்குள்ள இருக்கற கோளாறு ரெண்டுலயும் ஒண்ணே," என்றார். கன்னடக்காரர்; தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

"அப்ப குழந்தைங்களுக்கும் குடுத்துப் பாத்திருப்பாங்கள்ல?"

அதிகமில்லை என்றார் அவர். வெளிநாட்டில் மருந்தை விற்க அனுமதி கேட்ட சமயத்தில், குழந்தைகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை, அதனால் அவர்களிடம் சோதிக்க வேண்டியதில்லை என்று மருந்துக் கம்பெனிக்கு விலக்கு கொடுத்துவிட்டார்களாம். இப்போது அங்கே சட்டத்தை மாற்றி, எந்த உறுப்பு என்று பார்க்காதே, எந்தக் கோளாறு என்று பார் என்கிறார்களாம். அது இனி வரும் மருந்துகளுக்கு. இந்த மாத்திரை அதற்கு முன்பே வந்துவிட்டது. குழந்தைகளிடம் பார்த்தது கொஞ்சம்தான்.

வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். எனக்குக் கோபப்பட வாயில்லை. ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. பழைய பாகத்தைப் போலவே புதிதாக ஒன்று வந்தால், முழுச் சோதனை செய்யாமல், 'முந்தையதைப் போன்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். லாரி வாசலில் நிற்கும், சூப்பர்வைசர் தலைமேல் நிற்பார். எத்தனை போட்டிருப்பேன்! அத்தனையும் அந்த அறையில் என் கண்முன் வந்து நின்றன.

"பெரியவங்ககிட்ட பாக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அவங்க எலும்பு வளந்து முடிஞ்சிடுச்சு. இவ இனிமேதான் வளரணும். அதுக்கு இந்த மருந்து என்ன பண்ணும்னு உறுதியாச் சொல்ல முடியாது. உயரத்தக் கவனிச்சுக்கிட்டே வாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். மாத்திரை வேண்டாம் என்றால் கட்டி ஜெயிக்கும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கவனி என்று என்னிடம் சொல்லலாமா? மாதம் ஒருமுறை என்று அவர் நினைத்திருப்பார். நான் தினமும் அளந்தேன். மகளைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் பலகை வைத்து, எஃகு நாடாவில் மில்லிமீட்டர் சுத்தமாக, மூன்று முறை. "நான் என்ன உங்க கம்பெனி சாமானாம்மா?" என்பாள். நோட்டில் எழுதி முடிக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

முதல் வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். அவள் எழுந்ததும் அளந்துவிடுவேன். அடுத்த வாரம் முதல் ஷிப்ட். அவள் எழுமுன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். மாலை திரும்பி வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நாடாவை மாற்றினேன். அவள் குதிகாலைப் பிடித்துச் சுவரோடு ஒட்டினேன். அதே ஒன்பது. மறுநாள் மாலையும் அப்படியே. வளராமல் போய்விடுவாளோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். சுருங்குவாள் என்று யாரும் சொல்லவில்லையே! அந்த இரண்டு நாளும் மாத்திரையைக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கை வரவில்லை.

லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு ஓடினேன். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் அசையாமல் நின்றது. பக்கத்து இருக்கையில் அவள் முறுக்கு தின்றபடி வந்தாள். அவள் கால் தரையைத் தொடுகிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இதெல்லாம் காலைல அளந்ததா, சாயங்காலமா?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நாள் பூரா நின்னு ஓடியாடினா முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும்மா. சாயங்காலம் நீங்களும் குறைவீங்க, நானும் குறைவேன். படுத்து எந்திரிச்சா சரியாயிடும். மாத்திரை குடுக்கறீங்கள்ல?"

"ரெண்டு நாளா குடுக்கலீங்க."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "என்னைக் கேக்காம நிறுத்தவே நிறுத்தாதீங்க. கட்டி நமக்காகக் காத்திருக்காது."

வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனாலும் பிள்ளை சுருங்கவில்லை என்பதே போதுமென்று இருந்தது. நோட்டைப் பைக்குள் வைக்கப் போனபோது அவர் கையை நீட்டினார்.

"இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா? இவ்வளவு சுத்தமா யாரும் எழுதி வெக்கறதில்ல. எங்களுக்கு வேணும்."

அப்போது பிடித்த பயம் முன்னெப்போதும் நான் அறியாதது. விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஓடிப்போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தானே அத்தனை தூரம் வந்தேன். அவர்களே தெரிந்துகொள்ள என் நோட்டைக் கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவள் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, போய்விட்டதா பாருங்கள் என்பதுபோல் வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.