டவர் இடம் மாறுகிறது, ஏதாவது கொடுங்கள்

"யாருப்பா அந்தப் பொண்ணு? ரேடியோவுல பாட்டுக்கு நடுவுல வந்து அழாத குறையா காசு கேக்குது. வீட்டுல என்ன கஷ்டமோ."

ஷார்ஜா ரோலாவில் துபாய் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் தன் நண்பரிடம் சொன்னது இது. அந்தப் பொண்ணு நான்தான். வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. நன்கொடை கேட்கிற வேலைக்குக் கூச்சம் ஆகாது. எனக்கோ பஸ்ஸில் "என் ஸ்டாப் வந்துவிட்டது" என்று சொல்லவே கூச்சம். பேசாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் கேட்கத் தயங்குகிறவர் யாராவது இதைப் படித்தால் என் நிலைமை புரியும்.

எங்கள் தமிழ் வானொலி சின்னது. ஷார்ஜாவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் டவரும் டிரான்ஸ்மிட்டரும் இருந்தன. அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. வேறு இடத்துக்கு மாற, முறைப்படி அனுமதி வாங்கி நேயர்களிடமே நன்கொடை கேட்பதென்று முடிவாயிற்று. கல்லூரியில் தொடர்பியல் படித்தவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அனுமதி எண்

எந்த நேயரை அழைத்தாலும் முதலில் அனுமதி எண்ணைப் படிக்க வேண்டும். வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். ரொக்கம் வாங்கக் கூடாது. போனில் அனுப்பும் லிங்க் வழியாகத்தான் தர முடியும். ஒரு புது நம்பர், ஒரு நீளமான எண், பிறகு ஒரு லிங்க். இது எப்படி இருக்கும் என்று வளைகுடாவில் போன் வைத்திருக்கிற எவருக்கும் தெரியும்.

தூத்துக்குடிக்கார நர்ஸ் அக்கா ஒருவர், வருஷக்கணக்காக எங்களிடம் பாட்டுக் கேட்டு எழுதுகிறவர். நான் எண்ணைத் திக்கித் திணறிப் படித்து, லிங்க் அனுப்புகிறேன் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஓடிபி எல்லாம் தர மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன், இவ்வளவு பயந்து பேசுதியே, இந்தத் திருட்டுத் தொழிலுக்கு நீ புதுசா?"

பெயர் வாசிப்பு

தந்தவர்களின் பெயரை மாலையில் வாசிப்போம். ரோலாவில் சலூன் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தன் பெயர் வேண்டாம், அறையில் கூட இருப்பவர் பெயரை வாசியுங்கள் என்றார். நண்பருக்குப் பெருமை தேடித் தருகிறாரே என்று நான் உருகிப் போனேன்.

"பெருமையா? நாலு வருஷமா அவன் ரூமுக்கு ஒரு பாக்கெட் டீத்தூள் வாங்கினதில்ல. ரேடியோவுக்கு அள்ளிக் குடுத்தான்னு கேட்டா பசங்க சும்மா விடுவானுங்களா?"

எட்டுப் பேருக்கு ஒரு ரேடியோ

முருகேசன் அண்ணன் பெரம்பலூர்க்காரர். சஜ்ஜாவில் தொழிலாளர் கேம்பில் இருக்கிறார். கட்டடங்களுக்கு இரும்புக் குழாயில் சாரம் கட்டுகிற வேலை. அவர் அறையில் எட்டுப் பேர், ஒரு சின்ன ரேடியோ. விடிகாலையில் 'ஊரில் மழை' என்று ஐந்து நிமிடம் வாசிப்போம், தமிழ்நாட்டில் எங்கெங்கே மழை பெய்தது என்று. டூட்டி பஸ் வருவதற்கு முன் எட்டுப் பேரும் பல் தேய்த்தபடி அதைக் கேட்பார்களாம். போனில் கேட்கலாமே என்றேன். "போன்ல ஒருத்தன் கேப்பான் தங்கச்சி. ரேடியோன்னா எட்டுப் பேரும் கேட்டுட்டு எட்டுப் பேரும் சண்டை போடலாம்" என்றார்.

அறையில் எல்லோரும் தந்தார்கள். பக்கத்து அறைகளிலும் அவரே போய்ப் பேசி, ஒவ்வொருவர் போனிலும் லிங்க்கைத் தட்டச் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: புது இடத்துக்குப் போனால் சஜ்ஜாவில் எப்படிக் கேட்கும்? நன்கொடை விளம்பரத்துக்கு நானே எழுதிய வரியைச் சொன்னேன்: எல்லா இடத்திலும் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

"அப்ப சரி. பழைய டவர இறக்கையில எங்க கம்பெனியக் கூப்பிடச் சொல்லுங்க. நம்ம டவர வேற எவனும் கழட்டக் கூடாது."

பச்சைப் படம்

சேவியர் அண்ணன் எங்கள் எஞ்சினியர், குளச்சல்காரர். புது டவரிலிருந்து ஒலி எங்கெல்லாம் எட்டும் என்று பச்சை வண்ணம் பூசிய படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விளம்பரமே எழுதியிருக்க வேண்டும். அவருக்கு என் பக்கத்து அறைதான். கேட்கக் கூசி, வாசல் வரை போய்ப் போய்த் திரும்பி, கடைசியில் நானாக எழுதிவிட்டேன். ஒருநாள் அவரே அந்தப் படத்தை என் மேஜையில் விரித்தார். துபாய்ப் பக்கம் முழுக்கப் பச்சை. சஜ்ஜா இருக்கிற இடம் வெறும் வெள்ளை.

"அண்ணே, இங்கே?" என்று விரலை வைத்தேன்.

"அங்க மாஃபி, ஒண்ணும் கேக்காது. நடுவுல கட்டடம் மறைக்கும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்து நாளா என் ரூம எட்டி எட்டிப் பாத்துட்டுப் போனியே மக்ளே, இதக் கேக்கத்தானா?" என்றார்.

திருப்பித் தரலாமா?

நிலையத்தில் விஷயத்தைச் சொல்லி, வேண்டியவர்களுக்குத் திருப்பித் தர ஒப்புதல் வாங்கினேன். விளம்பர வரியும் அன்றே மாறியது. முருகேசன் அண்ணனை அழைக்க மட்டும் மூன்று நாள் ஆயிற்று. அழைத்ததும் பழக்கதோஷத்தில் அனுமதி எண்ணை முழுதாகப் படித்தேன். பிறகு, புது டவர் துபாய்ப் பக்கம்தான் கேட்கும், சஜ்ஜாவில் கேட்காது, தப்பு என்னுடையது, எல்லோருக்கும் திருப்பித் தந்துவிடலாம் என்றேன். "ரூம்ல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அவரே அழைத்தார். "பக்கத்து ரூம்காரங்களும் எங்கள்ல ஏழு பேரும் காசு திரும்ப வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தன் மட்டும் திட்டுறான், அவன் சோறு நல்லா வெந்திருந்தாலும் திட்டுவான். துபாய்ப் பக்கம் கேம்ப்ல நம்ம ஆளுக நிறைய இருக்காங்க, அவங்களாவது கேக்கட்டும். ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. ரெண்டு வருஷமா 'ஊரில் மழை' கேக்குறோம், பெரம்பலூர் பேரே வர மாட்டேங்குது. கடைசி நாளாவது சொல்லச் சொல்லுங்க. மழை இல்லன்னாலும் பரவால்ல."

கடைசி ஞாயிறு

பழைய டவருக்கு அதுதான் கடைசி நாள். 'ஊரில் மழை'யை அன்று நானே கேட்டு வாங்கி வாசித்தேன். பெரம்பலூரில்தான் தொடங்கினேன், அங்கே மழை இல்லை. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, ரோலாவில் யாராவது 'வீட்டில் என்ன கஷ்டமோ' என்று மறுபடி சொல்லியிருப்பார்கள். மாதக்கணக்கில் ஊர் முழுக்கக் கேட்டதில் நான் கற்றது, முதலில் பக்கத்து அறையில் கேட்க வேண்டும் என்பதுதான்.

வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போனேன். டவரை இறக்க வந்திருந்த ஆட்களில் முருகேசன் அண்ணனும் இருந்தார். இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு பாதி உயரத்தில் நின்றார். பக்கத்துக் கம்பியில் கட்டியிருந்த சின்ன ரேடியோவில் எங்கள் காலைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழே சேவியர் அண்ணன், "அணைக்கேன், கேட்டியா" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினார். பாட்டு நின்று இரைச்சல் வந்தது. முருகேசன் அண்ணன் ரேடியோவை அணைத்து, அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.