சாப்பாட்டு மேசையில் ஒரு ஊர்

சின்ன மாமாவுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த நாட்களில், முன்னறையிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து பல்கனிக்கும் நடந்தபடியே இருப்பார். பல்கனிக்குப் போனாலும் கடலைப் பார்க்க மாட்டார். கீழே குறுகலான ஒழுங்கையில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் உடனே ரேடியோவைக் குறைப்பார். சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் மறுபடி கூட்டுவார், பிறகு மறுபடி நடப்பார்.

"தம்பி, ஒருக்கா இரன். எனக்குத் தலை சுத்துது" என்பார் அம்மா. அம்மாவின் கடைசித் தம்பி அவர். இருப்பார், ஒரு தேத்தண்ணி ஆறும் வரைக்கும்.

வெள்ளவத்தையில் அப்போது காலி வீதிக்குப் போனாலே பொலிஸ்காரர் அடையாள அட்டை கேட்பார்கள். அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்து, வயதும் இருபத்தைந்துக்குள் என்றால் கேள்விகள் நீளும். சில நேரம் ஆளையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அம்மா அவரைக் கடைக்குப் பாண் வாங்கக்கூட அனுப்புவதில்லை. பாணுக்கு அண்ணாதான் போவான். அண்ணா சிங்களப் பையன்களோடு கிரிக்கெட் விளையாடி, அவர்களைப் போலவே கதைப்பான்.

அந்த விடுமுறையில் அண்ணாவுக்கும் எனக்கும் தனியாக ஒரு போர் இருந்தது. லண்டனிலிருந்து வந்துபோன பெரியம்மா குடும்பம், தங்கள் மகன் வளர்ந்துவிட்டான் என்று, ஒரு பெட்டி நிறையப் பொம்மைப் படைவீரர்களை விட்டுச் சென்றிருந்தது. என் சுண்டுவிரலில் பாதி உயரம். பாதிப் பேருக்குச் சிவப்புச் சட்டை, பாதிப் பேருக்கு நீலச் சட்டை, எல்லோருக்கும் நெட்டைத் தொப்பி. தாயக்கட்டையை உருட்டி, அம்மாவின் தையல் டேப்பால் தூரத்தை அளந்து, படையை நகர்த்தி, எதிரியைச் சுட வேண்டும். யார் எவ்வளவு தூரம் போகலாம், எப்படிச் சுடலாம் என்றெல்லாம் சொல்ல ஒரு விதிப் புத்தகமும் பெட்டிக்குள் இருந்தது.

வெறும் சாப்பாட்டு மேசைதான் எங்கள் போர்க்களம். மலை என்றால் அகராதி. ஆறு என்றால் என் தலையிலிருந்து கழற்றிய நீல ரிப்பன். இரண்டு படைகளும் நேரே நடந்து வந்து நடுவில் முட்டிக்கொள்ளும். யாருக்குக் கட்டை நன்றாக விழுகிறதோ அவர் வெல்வார். பெரும்பாலும் அண்ணாவுக்குத்தான் விழும். எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. என் சிவப்புச் சட்டைக்காரர் செத்து விழுவது, சாப்பிட்ட கோப்பைகளை அடுக்கி எடுப்பது போல இருந்தது.

நடந்துகொண்டிருந்த மாமா ஒருநாள் மேசையருகே நின்றார்.

"இது என்னடா சண்டை? ஒளிக்க ஒரு இடமில்லை, ஓட ஒரு இடமில்லை."

"சும்மா விளையாட்டுத்தானே மாமா" என்றான் அண்ணா.

"விளையாட்டெண்டாலும் ஒரு ஊர் வேணுமெல்லே."

கீழ்வீட்டார் புதிதாக டிவி வாங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் வந்த ரிஜிபோமை, டிவி அடிபடாமலிருக்க வைக்கும் அந்த வெள்ளை நுரைப் பலகையை, மாமா கேட்டு வாங்கினார். கத்தியை அடுப்பில் சூடாக்கி அதை வெட்டினார். வீடெல்லாம் நாறியது. அம்மா ஏசினார். மரம் அரியும் மரக்காலையிலிருந்து அண்ணா ஒரு பை மரத்தூள் கொண்டுவந்தான். மாமா அதில் பாதிக்குப் பச்சையும் பாதிக்கு மண்ணிறமும் ஏற்றி, பல்கனியில் காயவிட்டு, பசை பூசிய மலையின் மேல் தூவினார். ஊதியதும் மிச்சத் தூள் பறந்துபோக, உண்மையான மலை ஒன்று எங்கள் மேசையில் நின்றது.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கோப்பை கழுவும் ஸ்பொஞ்சைப் பிய்த்து மரங்கள் செய்தார். விளக்குமாற்று ஈர்க்கில் தென்னைகள் செய்தார். ஆற்றுக்கு நிறம் பூசி, அதன்மேல் வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசினார். விரல் வைத்தால் நனையும் என்று நினைத்து நான் தொட்டுப் பார்த்தேன். தீக்குச்சிகளால் ஒரு பாலம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீடொன்று, கிணறொன்று. வீட்டுக்குப் பின்னால் நூலில் ஒரு கொடி, கொடியில் அரிசி அளவு துணிகள். எங்களுக்குச் சாப்பிட மேசையில்லாமல் போனது. கோப்பைகளை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அம்மா வாயால் ஏசினாரே தவிர, ஒன்றையும் எடுக்கச் சொல்லவில்லை. மாமா நடப்பது குறைந்திருந்தது. படியில் சத்தம் கேட்டால் மட்டும் தூரிகையோடு எழுந்து நிற்பார்.

"இது எந்த ஊர் மாமா?" என்று கேட்டேன்.

"ஒரு ஊருமில்லை பிள்ளை. எனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு ஊர்."

அந்த ஊர் வந்தபின் எங்கள் போரே வேறாகிவிட்டது. அண்ணாவின் நீலச் சட்டைக்காரர் மரங்களுக்குள் பதுங்கினார்கள். பாலத்தை யார் பிடிப்பது என்று ஒரு முழுப் பகலும் சண்டை நடந்தது. மேசையின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி வைத்துப் பார்ப்பேன். மலைக்கு அப்பாலிருந்து தொப்பிகள் ஒவ்வொன்றாக எழும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் நான் முன்னையைவிட மோசமாகத் தோற்றேன். மலையைப் பிடிக்க வேண்டிய என் படையை அந்த ஓட்டு வீட்டைச் சுற்றியே நிறுத்திவிடுவேன். பீரங்கி பட்ட வீட்டை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கொடியும் துணியும் போய்விடுமே என்று எனக்குப் பதைப்பாக இருக்கும்.

"மடைச்சி, வீட்டை விடு, மலைக்குப் போ!" என்று எதிரியான அண்ணாவே கத்துவான்.

மாமா சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்குப் போனபின், அண்ணா பாணில்லாமல் ஓடிவந்தான். "அம்மா, ஒழுங்கையை மறிச்சிட்டாங்கள். வீடு வீடா வாறாங்கள்."

வீட்டுச் சோதனை எங்களுக்குப் புதிதல்ல. அம்மா வழக்கம்போல அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்து முன்னறையில் வைத்தார். திரும்பியவர் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மலை, ஆறு, பாலம், பாலத்தின் இரு கரையிலும் துவக்கு நீட்டிய ஆட்கள்.

"ஐயோ தம்பி. உதைக் கழட்டு. கெதியா."

"அக்கா, இது பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான்."

"அவங்களுக்கு ஆர் சொல்லுறது? பாலத்தைப் பாத்தா, எங்கயோ அடிக்கத் திட்டம் போடுறமெண்டெல்லோ நினைப்பாங்கள். கழட்டடா!"

மாமா கை வைக்கவில்லை. அம்மாதான் வைத்தார். மலையை இரண்டாக முறித்தார். பாலம் நொறுங்கியது. நான் அழுதுகொண்டு அந்த வீட்டைப் பிடித்திழுத்தேன். என் கையிலிருந்து அதையும் பறித்தார். எல்லாவற்றையும் அரிசிச் சாக்கொன்றுக்குள் திணித்து, கட்டிலுக்கடியில் தள்ளி, தரையில் கொட்டிய பச்சைத் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டினார்கள்.

கட்டிலுக்கடியில் பார்க்காமல் யார் போவார்கள்? சாக்கை முன்னறைக்கு இழுத்துவந்து கொட்டினார்கள். அவர்களில் பெரியவர் குனிந்து, பாலத்தின் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டார்.

"செல்லம், சேர். செல்லம் விதரய்" என்றான் அண்ணா. வெறும் விளையாட்டு என்று அதற்குச் சிங்களத்தில் அர்த்தம். குவியலைக் கிளறிச் சிவப்புச் சட்டைக்காரரையும் தாயக்கட்டையையும் காட்டினான். அந்த அதிகாரி ஒரு வீரனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரப்போவது போலவும் இருந்தது.

"எஹெனம் கெடுவே எய்?" என்றார் பிறகு.

அப்படியென்றால் ஏன் உடைத்தீர்கள் என்று அர்த்தம். அம்மா அவசரமாக அடையாள அட்டைகளை எடுத்து நீட்டினார். சாக்கையும் எடுத்தார்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா செருப்பைக் கொழுவிக்கொண்டே, "ஒண்டுமில்லை அக்கா, வந்திடுவன்" என்றார்.

அதன்பிறகு நடப்பது அம்மாவின் முறையாயிற்று. முன்னறை, குசினி, பல்கனி. அப்பா லீவு போட்டுவிட்டு ஒவ்வோரிடமாக விசாரித்து, கடைசியில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலிருந்து ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மாமாவைக் கூட்டிவந்தார். மாமா மெலிந்திருந்தார். குளித்துவிட்டு, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

"மாமா, எங்கட ஊர் எங்க?" என்று நாங்கள் இரண்டு பக்கமும் நின்று கேட்டோம்.

"அங்கதான் இருக்கு. முழுக்கத் திரும்ப ஒட்டிக் காட்டச் சொன்னவங்கள். ஒட்டிக் காட்டினனான். ஒருத்தன் வந்து, இது எங்கட கிராமத்து ஆறு எண்டான். இன்னொருத்தன், இல்லை, இது என்ர அம்மா வீடு எண்டான். நல்ல வடிவா இருக்கெண்டு தாங்களே வைச்சுக்கொண்டாங்கள்."

அது எவ்வளவு உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாமா செய்த ஊரைப் பொலிஸ்காரரே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டார்கள் என்று கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன். இன்னொன்று செய்துதரும்படி மாமாவைப் பிடுங்கினேன். பிறகு பார்ப்பம் என்றார்.

அன்று மேசையில் கோப்பை வைத்துச் சாப்பிட்டோம். மாமா வலக்கையை ஒரு துவாய்த் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். அம்மா சோற்றைக் குழைத்துக் கொடுக்க, இடக்கையில் கரண்டி பிடித்து மெல்ல மெல்லச் சாப்பிட்டார். பாதி கோப்பைக்கு வெளியே விழுந்தது. கனடாவில் எல்லோரும் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள், மாமா இப்போதே பழகுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

எனக்கும் கரண்டி வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா சட்டென்று எழுந்து குசினிக்குப் போனார். கரண்டி எடுக்கத்தான் போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.