தற்காப்பில் நின்ற வருடங்கள்

நான் முதலில் கோல் அடிக்கிறவனாகத்தான் இருந்தேன். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் எனக்கு முன்வரிசை. நல்ல உயரம், ஓட்டமும் இருந்தது. பந்து காலுக்கு வந்துவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன், பக்கத்தில் யார் நின்றாலும் கொடுக்க மாட்டேன். அதனால் கோலும் விழும், திட்டும் விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பார் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். எங்கள் தற்காப்பில் வழக்கமாக நிற்கிற அண்ணனுக்கு முந்தின நாள்தான் கல்யாணம் முடிந்திருந்தது. குழுவை நடத்திய, தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைப் பார்த்து, “மாப்பிள்ளை வர மாட்டான். நீதான் உயரமா இருக்க, பின்னால போயி நில்லு” என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே போனேன். முதல் பத்து நிமிடம் அங்கே என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. முன்னால் நிற்கிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் நின்ற எனக்கோ முழுத் திடலும் கண்ணெதிரே கிடந்தது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறான் என்பதெல்லாம் தெரிந்தது. எதிரணியின் வேகமான ஆள் பந்தோடு வந்தான். அவன் கண் ஒரு கணம் இடது பக்கம் போய் வந்ததைப் பார்த்தேன். காலை அந்தப் பக்கம் நீட்டினேன். பந்து என்னிடம் இருந்தது. அவன் பந்தில்லாமலே இரண்டடி ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கோல் அடித்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.

மறுவாரம் புதுமாப்பிள்ளை திரும்பி வந்தபோது நான் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. பாவம், அவர் முன்வரிசைக்குப் போனார். கடைசிவரை ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆனால் என்னோடு சண்டையும் போடவில்லை.

அங்கிருந்து மாவட்ட அணி, பிறகு மாநில இளையோர் அணி என்று போய், இருபது வயதில் ஈப்போவில் ஒரு கிளப் என்னைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அதற்குள் எங்கள் தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் நானும் ஈப்போ ஓரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தோம். அம்மா பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அம்மா கேட்டார்: “என்னா வேலைடா குடுத்திருக்காங்க?”

“ஜாகா வேலைம்மா. கோல் பக்கம் ஒருத்தனையும் விடாம பாத்துக்கணும்.”

ஜாகா என்றால் எங்கள் ஊரில் காவலாளி. நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் பால் வெட்டிவிட்டுச் சாயங்காலம் தோட்டத்துக்காகப் பந்து விளையாடுவான். அதேபோல் மகன் ஸ்டேடியத்தில் ஜாகா வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் அவர்களுக்காக விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். விளையாடுவதற்கே ஒருவன் சம்பளம் கொடுப்பான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. நான்கு மாடிக்கும் செய்தி போய்விட்டது. ஒரு நாள் மூன்றாம் மாடி அக்கா என்னைப் படியில் நிறுத்தினார்.

“தம்பி, எங்க வூட்டுக்காரரு சும்மாதான் இருக்காரு. அங்க இன்னொரு ஜாகா வேலை இருந்தா சொல்லுலா. நல்லா முழிச்சிருப்பாரு.”

அவரிடம் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்று நினைவில்லை. அம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு வருடம் ஆனது. புரிந்த பிறகும், “எப்ப வேணாலும் நிறுத்திருவான்லா, அந்த ஜாகா வேலையையும் கேட்டு வச்சுக்க” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வருடக் கடைசியில் அடுத்த வருடம் கிளப் நம்மை வைத்துக்கொள்ளுமா என்பது எங்கள் யாருக்குமே தெரியாது.

முதல் பருவத்தில் பெரும்பாலும் ஓரத்து நாற்காலிதான். ஒரு வழியாக என்னை இறக்கிவிட்ட ஆட்டத்தில் எனக்கு வாய்த்தவர் ஒரு கானாக்காரர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து, தெற்கே ஒரு கிளப்புக்காக ஆடவந்தவர். தோள் இரண்டும் கதவு மாதிரி. ஆனால் திரும்பும்போது பூனைபோல் திரும்புவார். இடைவேளைக்குள் என்னை மூன்று முறை தாண்டிப் போனார். மூன்றாம் முறை சட்டையைப் பிடித்து இழுத்தேன், நடுவர் பெனால்டி கொடுத்தார். அவரே உதைத்து அவரே அடித்தார். இடைவேளையில் பயிற்றுநர் என் பக்கம் திரும்பாமலே இன்னொருவனைச் சட்டை மாற்றச் சொன்னார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு கிளப் அலுவலகத்தில் அவருடைய ஆட்டப் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் திரும்புவதற்கு முன்னால் அவருடைய இடது தோள் சற்று இறங்கும். தெரியாதவன் கண்ணுக்கு அது படவே படாது. அடுத்த பருவம் அவர் ஈப்போவுக்கு வந்தபோது தோள் இறங்கியது, நான் ஏற்கெனவே அங்கே நின்றேன். அன்று முழுக்க அவரால் என்னைத் தாண்ட முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“எப்படித் தெரிந்தது?” என்று மலாயில் கேட்டார்.

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். அதிலிருந்து எங்கே பார்த்தாலும் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கார்னர் உதைக்கப் போகிற நேரத்தில், இரண்டு பேரும் ஒருவர் விலாவில் ஒருவர் முழங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, “சுடா மாக்கான்?” என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நான் “சுடா” என்பேன். பந்து வரும். இரண்டு பேரும் எகிறுவோம்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஒரு முறை தேசிய அணிப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா புதுப் பை வாங்கிக் கொடுத்தார். போய் நன்றாகத்தான் ஆடினேன். ஆனால் கடைசிப் பட்டியலை வாசித்தபோது என் பெயர் வரவில்லை. பேருந்தில் ஈப்போ வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். குவா தெம்புருங் குகைப் பக்கம் சுண்ணாம்பு மலைகள் தெரிய ஆரம்பித்ததும் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக்கு வந்தால் அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்றுதான் கேட்டார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனேன். தேசியச் சட்டை போடவில்லையே என்று பிறகு பெரிதாக ஏங்கியதில்லை. எனக்குப் பிடித்த வேலையை வாரம் தவறாமல் செய்ய ஒரு திடல் இருந்தது.

இருபத்தெட்டு வயதிருக்கும்போதுதான் அது நடந்தது. சாயங்கால ஆட்டம். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கானாக்காரரின் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. இருவரும் எகிறினோம். பந்தை யார் தொட்டது என்று இன்றுவரை தெரியாது. தலையும் தலையும் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. கண் திறந்தபோது வானம் தெரிந்தது. பக்கத்தில் அவரும் மல்லாந்து கிடந்தார். எனக்குப் புருவம் கிழிந்திருந்தது, அவருக்கு நெற்றி.

ஸ்டேடியத்தில் நின்றது ஒரே ஓர் ஆம்புலன்ஸ். இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து தலையில் பஞ்சை அழுத்திக்கொண்டு போனோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாக, “சுடா மாக்கான்?” என்றார். சிரித்ததில் எனக்குப் புருவத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் வந்தது.

மருத்துவமனையில் எங்களுக்குத் தையல் போட வந்த மருத்துவ உதவியாளர் ஒரு தமிழ்ப் பெண். இரண்டு நிறச் சட்டைகளையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டீங்களா?”

“இல்லக்கா. பந்துக்குத்தான் எகிறினோம்.”

“அக்காவா? ஒங்க வயசுதான் இருக்கும்லா எனக்கு. ஆடாம படுங்க.”

“வலிக்குமா?”

“இவ்ளோ பெரிய ஆளு மேல மோதுறப்ப யோசிக்கல, இப்ப ஊசிக்குப் பயமா?”

அடுத்த கட்டிலில் கானாக்காரருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார். தையல் போட்டு முடித்து அந்தப் பெண் நகர்ந்ததும், “பெயர் கேட்டாயா?” என்றார் கானாக்காரர். கேட்கவில்லை. ஓடி வருகிறவனை நிறுத்தத் தெரியும், நடந்து போகிறவரைக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை.

மறு பருவம் கானாக்காரர் ஈப்போவிலேயே இன்னொரு கிளப்பில் சேர்ந்தார். ஒரு ஞாயிறு காலை என் கைப்பேசி அடித்தது. எடுத்தால் அவர், கிசுகிசுவென்று பேசினார்.

“சர்ச்சில் இருக்கிறேன். உனக்குத் தையல் போட்ட பெண் எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் வா. பாதிரியார் நீளமாகப் பேசுகிறவர், நேரம் இருக்கிறது.”

எங்கள் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் ஆட்டம், பயணம் என்று நான் கோவிலுக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. அவசரமாகச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற என்னைப் பார்த்து அம்மா, “யாருடா செத்துட்டாங்க?” என்றார். மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கானாக்காரர் வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் வெளியே வர வழியில்லாமல் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கானாக்காரர் விலகினார்.

அந்தப் பெண் என் புருவத்தைத்தான் முதலில் பார்த்தார். “தையல் நல்லாதான் சேந்திருக்கு” என்றார்.

“கை நல்ல கை” என்றேன். சட்டைக் கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

“சரி. அதுக்கா இவ்ளோ வேர்க்க ஓடி வந்தீங்க?”

அடுத்த வருடம் அதே கோவிலில் எங்களுக்குக் கல்யாணம். கானாக்காரர் வேட்டி கட்டி வந்தார். அவர் இடுப்புக்கு அது நிற்காமல், என் மனைவியின் தம்பி பெல்ட் போட்டுவிட்டான். அம்மா அவர் இலையில் நண்டை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்.

முப்பத்து மூன்று வயதில் முழங்கால் போய்விட்டது. யாரும் மோதவில்லை, வழுக்கவும் இல்லை. பயிற்சியில் ஒரு சாதாரணத் திரும்பலில் உள்ளே ஏதோ அறுந்தது. அறுவை செய்து, மெல்ல நடந்து, பிறகு ஓடி, மறுபடி ஆட வந்தேன். ஆனால் ஆட்டம் எனக்கு முன்னால் அரை நொடி ஓடிப்போயிருந்தது. எவன் எங்கே போவான் என்று கண்ணுக்குத் தெரிந்தது, கால்தான் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த வருடத்தோடு நிறுத்திக்கொண்டேன். முடிவை வீட்டில் சொன்னபோது என் மனைவி கொடியில் கிடந்த என் ஆட்டச் சட்டையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, “எனக்கு இனிமே சனிக்கிழமை போனையே பாத்துக்கிட்டு உக்கார வேணாம்” என்றார். இத்தனை வருடமாக அவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் சொல்லித்தான் இயன்முறைச் சிகிச்சைக்கான படிப்பில் சேர்ந்தேன். இப்போது ஈப்போவில் ஒரு சிகிச்சை நிலையத்தில் உதவியாளர். மூட்டு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மோட்டாரில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர்கள் வருவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலடி வைக்கும்போது அவர்கள் பயப்படுவார்கள். எந்தப் பக்கம் சாயப் போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும். போன மாதம் ஒரு சீனப் பாட்டி கம்பியை விட்டுவிட்டுத் தானாக ஆறேழு அடி நடந்து, சுவரில் கை வைத்து, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தேன்.

கானாக்காரர் ஊருக்குத் திரும்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவார். என் மனைவியிடம்தான் அதிக நேரம் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் முடிந்ததும் நான், மனைவி, எட்டு வயது மகள் மூவரும் பழைய நகரத்தில் ஒரு பாயின் கடையில் பசியாறுவோம். பாய் தீவிரக் காற்பந்து ரசிகர். நான் ஆடிய காலத்தில் ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவர். போன வாரம் ரொட்டி சானாயை மேசையில் வைத்துவிட்டு என் மகளிடம் சொன்னார்: “பாப்பா, ஒங்கப்பா அடிச்ச ஒரு கோலு இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்கிது.”

மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “எந்த கோலு, தாத்தா?”

“மழையில ஒரு ஆட்டம். பந்து எங்கயோ போவுது. ஒங்கப்பா ஓடி வந்து காலு போட்டாரு பாரு, நேரா நம்ம கோலுக்குள்ளயே போயிருச்சு. கோல்கீப்பரு கூட அசையலலா.”

“பாய், இத்தன வருஷத்துல எத்தனய தடுத்திருப்பேன்! ஒங்களுக்கு அது ஒன்னுதான் ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“தடுத்தத எல்லாம் யாரு ஞாபகம் வச்சிருப்பா, தம்பி? போகாத பந்து போகல, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, நெஜமாவே நம்ம கோல்லயே அடிச்சீங்களா?”

“ஆமா.”

“அப்புறம் என்னா ஆச்சு?”

“ரெண்டுக்கு ரெண்டு. தோக்கல.”

அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ரொட்டியைக் கிழித்துப் பருப்புக் குழம்பில் தோய்த்தாள். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் தேநீர்க் குவளைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் இன்னும் ஒரு ரொட்டி கொண்டுவரச் சொன்னேன்.