உறை

கிளினிக்கில் அதை ஆணுறை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். எங்களுக்குள் வெறும் உறை. அந்த ஒரு சொல்லால் வந்த வினைதான் இது.

பாலியல் தொழில் செய்யும் பெண்களின் கருத்தைக் கேட்கவென்று கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி அம்மா மன்னாருக்கு வந்திருந்தார். புதுக் கொள்கை எழுதப் போகிறார்களாம். மண்டபத்தில் நாங்கள் ஏழு பேர். அவருக்குப் பக்கத்தில், மொழிபெயர்க்க, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். சுவரோரக் கதிரையில் சீருடையோடு ஒரு பொலிஸ் ஐயா. நாங்கள் மனம்விட்டுப் பேச அவரும் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

முதல் ஒரு மணித்தியாலம் மறுவாழ்வு, மறுவாழ்வு என்றே போனது. எனக்கு வயது நாற்பத்தொன்று. என்னை யாரும் கட்டி வைத்திருக்கவில்லை. பள்ளிமுனையில் கருவாடு காயப்போட்டு முதுகு முறிந்தவள்தான் நானும். அந்த வேலையிலிருந்து என்னை மீட்க எவரும் வரவில்லை.

நான் போனது ஒரே ஒரு விஷயத்துக்காக. போன மாரியில் பஸ் ஸ்டாண்டில் பொலிஸ்காரர் என் கைப்பையைக் கிண்டி, கிளினிக் நேர்ஸ் தந்த உறைகளை எடுத்து, அவற்றையே சாட்சியாக வைத்து என்னைக் கோட்டுக்கு ஏற்றினார்கள். தருவதும் அரசாங்கம், பிடிப்பதும் அரசாங்கம். அதன்பிறகு கொண்டுபோகப் பயந்து, இரண்டு மாதம் உறை இல்லாமலே வேலை செய்தேன். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. அவ்வளவு பயம்.

என் முறை வந்தது.

"பொலிஸ் எங்கட பையில இருக்கிற உறையை எடுத்து வழக்குப் போடக் கூடாது. அதைச் சட்டத்தில எழுதுங்கோ" என்றேன்.

ரீச்சர் அதைச் சிங்களத்தில் "லியும் கவர" என்றார். கடித உறை. அதிகாரி அம்மாவின் முகம் சுருங்கியது. இவர்களின் கடிதங்களையுமா பறிக்கிறார்கள் என்று கேட்டபடி எழுதத் தொடங்கினார்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, வருகிற ஆட்களிடம் பிடித்துக்கொண்டது. தெரிந்ததாக மட்டும் காட்டிக்கொள்வதில்லை. எனக்கு விளங்காதென்று நினைத்து ஆட்கள் தங்களுக்குள் கதைத்தது எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பொலிஸ் ஐயாவுக்கு முன்னால் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது.

கைப்பையைத் திறந்து, அன்று காலை கிளினிக்கில் வாங்கியதில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். இதுதான் உறை, இதற்குள் கடிதம் வைக்க முடியாது என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

ரீச்சரின் கை சிலுவை அடையாளம் போடப் போய்ப் பாதியில் நின்றது. "ஐயோ பிள்ளை, நான் என்வலப் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். பாவம், அவரில் எனக்குக் கோபமில்லை.

அதிகாரி அம்மா எழுதியதை வெட்டினார். இதை வைத்திருப்பது குற்றமா என்று பொலிஸ் ஐயாவைக் கேட்டார். அப்படி ஒரு சட்டமே இல்லை மேடம் என்று அவர் சிரித்தார். அம்மா அதையும் குறித்துக்கொண்டார். நான் உறையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

பின்னேரம் ஓலைத்தொடுவாய் பஸ்ஸுக்காக நின்றேன். பொலிஸ் ஜீப் ஒன்று வந்து என் அருகில் நின்றது. உள்ளே அதே ஐயா. எனக்குச் சிங்களம் தெரியுமென்று மண்டபத்தில் கண்டவர், தமிழுக்கு ஆள் தேடவில்லை. பைக்குள் என்ன என்று நேரே சிங்களத்தில் கேட்டார்.

"லியும் கவர" என்றேன்.